இரண்டு விரற்கடை கூடிய பலகை

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. கொழும்பிலிருந்து வரும் ஒரு சிறு மின்னணுச் சஞ்சிகையின் ஆசிரியர் போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக எலெக்ட்ரோனிக்ஸ் செய்கிறவர்கள் தங்கள் போர்டை வரைவதற்கு எந்த மென்பொருள் நல்லது என்று ஆறு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். யுத்தம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. பாதை திறந்துவிட்டது, இனி எல்லோரும் ஆசையோடு சாமான் வாங்கிச் செய்வார்கள், சந்தா கூடும் என்பது அவருடைய எண்ணம். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

மின்சுற்றுப் பலகை வரையும் மென்பொருளைத் தெரிவு செய்கையில் நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, விலை. இரண்டு, பலகையின் அளவுக்கு அது விதிக்கும் எல்லை. மூன்று —

'இரண்டு' என்று எழுதிய இடத்திலேயே கை தளர்ந்துவிட்டது. மூன்றை எழுதத் தொடங்கியது சும்மா ஒப்புக்கு. மூன்று நாள் அந்தத் தாள் கடை மேசையில் கிடந்தது. யாரோ அதன்மேல் தேநீர்க் கோப்பை வைத்துவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் அதன் பின்பக்கத்தில் எழுதினேன்:

சுனாமி வந்து மூன்றாம் வருடம், பெரியகல்லாற்றில் உதயரூபன் என்றொருவன் ஆறு வீடுகளுக்கு மணி செய்து கொடுத்தான்.

இது தேவலை. ஆனால் இது கட்டுரை இல்லை. ஆசிரியருக்கு என்ன சொல்வதென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாசிக்கிற உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். எந்த மென்பொருள் நல்லது என்று அறிய வந்தவர் நீங்கள் என்றால், பதில் கடைசிப் பகுதியில் வர வேண்டும். அதை எழுதி முடிப்பேனா என்று எனக்கே தெரியாது.

2

உதயரூபனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பக்கத்து ஊர்த் தபாற்கந்தோரில் எழுதுநர். சின்ன வயதிலிருந்தே பழைய ரேடியோக்களைக் கழற்றிப் பூட்டுவதில் பைத்தியம். மனைவி பெயர் தனுஷா. அவர்களுடைய மூத்தவள் விதுர்ஷா, ஆறு வயதில், சுனாமியில் போய்விட்டாள்.

(இதைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். எழுதிப் பார்த்தேன், ஒன்றரைப் பக்கம் வந்தது. திரும்ப வாசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.)

பிறகு அவர்கள் கடற்கரைக் காணியை விட்டுவிட்டு வாவிப் பக்கம் வந்து ஒரு வீட்டில் இருந்தார்கள். பெரியகல்லாறு அப்படிப்பட்ட ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒரு பெரிய தெரு. எங்கே போனாலும் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும். தனுஷா பின்கதவில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து வாவியைப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டாயிரத்து ஏழில் மகன் மதுரன் பிறந்தான். அதற்குப் பிறகு மடியில் பிள்ளையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு அடுப்பில் கருகும். உதயரூபன் வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றாமலே சோற்றை இறக்குவான்.

"நீ போய்க் கொஞ்சம் படு. நான் பாக்கிறன்."

"நீங்க கண் அசந்திருவீங்க."

"அசரமாட்டன் தனுஷா."

"அண்டைக்கு ஆர் அசந்த? எல்லாரும் முழிச்சிக்கொண்டுதானே இருந்த."

அன்று காலை ஒன்பது மணி, ஊரே விழித்திருந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்து பயனில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கண் இமைக்காத ஏதாவது ஒன்று தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

அவன் யோசித்தது எளிய சாமான்தான். வாவிக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை நட்டு, அதற்குள் ஒரு மிதவை. பத்து நிமிடத்துக்குள் தண்ணீர் ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் வீட்டில் மணி அடிக்கும். கடல் பெருகுமுன் சில இடங்களில் தண்ணீர் உள்வாங்கியது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தபடியால் இரண்டையும் வைத்தான். அயலில் ஐந்து வீட்டார் தங்களுக்கும் வேண்டுமென்றார்கள். அடுத்த வீட்டுக் கோணாமலை மட்டும், குழாய் நடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், தலையைச் சொறிந்தார்.

"அது சரி மனே. ஆத்துவாய் வெட்டுற அண்டைக்கு இது என்ன செய்யும்?"

உதயரூபன் அதை மறந்தே போயிருந்தான். மாரியில் வாவி நிறைந்து வீடுகளுக்குள் ஏறும்போது, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்மேட்டை ஊரார் மண்வெட்டியால் வெட்டி விடுவார்கள். தண்ணீர் கடலுக்கு இழுபடும். வாவி சாண் கணக்கில் விறுவிறென்று இறங்கும். வருடா வருடம் நடப்பது. மணிக்கு அதெல்லாம் தெரியாது; சுனாமி என்றுதான் கத்தும்.

"கத்தாம இருக்க ஒரு வழி செய்யிறன் அண்ணாச்சி," என்றான்.

வழியும் கண்டுபிடித்தான். ஆறு வீட்டையும் ஒரே கம்பியில் இணைத்து, கோணாமலை வீட்டில் ஒரு சாவியைத் திருப்பினால் ஆறு மணியும் அடங்கிக் கிடக்கும். இதை அவன் தாளில் வரைந்து 'அடக்கும் பகுதி' என்று பெயரிட்டான். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது.

3

இனி மென்பொருள். (ஆசிரியர் அவர்களே, நீங்கள் கேட்ட பகுதி இது ஒன்றுதான்.)

அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு சுற்றைக் கம்பி கம்பியாகவும் பூட்டலாம். ஆனால் ஈரக் காற்றும் உப்பும் உள்ள ஊரில் ஆறு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கழலும். அதனால் செம்பு பூசிய பலகையில் கோடுகளாக அதை வரைந்து, கோடு இல்லாத செம்பை மருந்துத் தண்ணீரில் அரித்தெடுப்பார்கள். அதுதான் போர்ட். எந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று கணினியில் வரைவதற்குத்தான் மென்பொருள்.

உதயரூபனிடம் நிவாரண நிறுவனம் ஒன்று விட்டுப்போன பழைய கணினி இருந்தது. மென்பொருள் பற்றி அவன் கேட்டது முத்தலிப்பிடம். முத்தலிப் ஓட்டமாவடியில் டீவி, ரேடியோ திருத்தும் கடை வைத்திருப்பவன். இரண்டு பேரும் பழக்கமானது ஒரு சஞ்சிகையின் வாசகர் கடிதப் பக்கத்தில். ஒருவன் தமிழன், மற்றவன் முஸ்லிம்; முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி உதயரூபன் அவனை 'நானா' என்பான். இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனையோ சோதனைச் சாவடி. எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் அப்படி ஒரு சிநேகிதம் நிலைத்ததே பெரிய காரியம். டிரான்சிஸ்டர்களைப் பற்றி மட்டும் பேசியபடியால் நிலைத்தது.

நிறுவனங்களின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. முத்தலிப் வைத்த பட்டப்பெயர்கள் போதும். முதலாவது கடைக்காரன். வெளிநாட்டில் போர்ட் அடித்துக் கொடுக்கும் கொம்பனி ஒன்று இதை இலவசமாகத் தரும். அதில் வரைந்ததை அவர்களிடமே அடிக்கக் கொடுக்க வேண்டும், வேறெங்கும் கொண்டுபோக முடியாது. மட்டக்களப்புக்கு அப்போது வெளிநாட்டிலிருந்து பார்சலில் எலெக்ட்ரோனிக் போர்ட் வருவதென்றால், அதைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு யார் விளக்கம் சொல்வது? அது சரிவராது. பொதுக்கிணறு என்று இன்னொன்று. உலகத்தில் பலர் கூடிச் சும்மா எழுதி விட்டது. யாரும் அள்ளலாம், அளவில்லை. ஆனால் கயிறும் வாளியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் தொலைபேசிக் கம்பியில் அதை இறக்க இரண்டு நாள் போனது. திறந்து பார்த்த முத்தலிப்புக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூடிவிட்டான்.

கள்ளன் என்பது பெரிய பெரிய தொழிற்சாலைகள் பாவிக்கும் விலையுயர்ந்த சாமான். களவாகப் பதிந்த சீடி கல்முனையில் தாராளமாகக் கிடைத்தது. அளவெல்லை கிடையாது, எல்லாப் பாகங்களும் உள்ளே இருந்தன.

கடைசியில் அரைக்காணி. வீட்டுப் பாவனைக்கு என்றால் இலவசம், படிக்கவும் இலகு. ஒரேயொரு நிபந்தனை: பலகை உள்ளங்கையளவைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமானால் காசு கட்ட வேண்டும், அதுவும் வெளிநாட்டு வங்கி அட்டையில்.

முத்தலிப் அரைக்காணி சீடியை உதயரூபனிடம் கொடுத்தான்.

4

சீடியையும், செம்பு அரிக்கும் மருந்து ஒரு போத்தலையும், மாதிரிக்கு அச்சடித்த தாள் ஒன்றையும் வாங்கிக்கொண்டு உதயரூபன் ஓட்டமாவடியிலிருந்து பஸ் ஏறினான். பார்த்தால் வெடிகுண்டுச் சாமான் மாதிரியே இருக்கும் மூன்று பொருளை ஒரே பையில் போட்டுக்கொண்டு அந்த வருடத்தில் பஸ் ஏறியவனை என்னவென்று சொல்வது? அவன் தன் காரியம் நல்ல காரியம் என்பதிலேயே குறியாக இருந்தபடியால், அது பார்ப்பவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டான்.

சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் தாளை வெயிலில் விரித்துப் பார்த்தான்.

"இது என்ன?"

"வத்துர," என்றான் உதயரூபன். அவனுடைய சிங்களம் தபால் முத்திரை விற்குமளவுக்குத்தான். "வத்துர எனகொட... பெல். தண்ணி வந்தா மணி. சுனாமி."

சிப்பாய் போத்தலைத் திறந்து மணந்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, எரிகிறதா என்று பார்க்கவோ என்னவோ, கிறவல் தரையில் ஊற்றினான். கபில நிறமாக ஓடியது. ஒன்றும் எரியவில்லை. காற்போத்தல் மிஞ்சியதும் அலுத்துப்போய் மூடியைப் போட்டுக் கையில் கொடுத்தான்.

(இந்த இடத்தில் அந்தச் சிப்பாயும் தென்கரையில் யாரையோ கடலுக்குக் கொடுத்தவன் என்றும், 'சுனாமி' என்றதும் அவன் கண் கலங்கியது என்றும் எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். அவன் கொட்டாவி விட்டான். உதயரூபன் என்னிடம் சொன்னது அதுதான்.)

5

போர்ட் வரைவது அவனுக்கு இரண்டு வாரத்தில் கைவந்தது. சனி ஞாயிறில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாக அந்த உள்ளங்கைச் சதுரத்துக்குள் அடுக்கினான். மிதவைக்கு வேண்டியது வந்தது. நேரம் கணிக்கும் பகுதி வந்தது. மணி வந்தது. அடக்கும் பகுதியைக் கொண்டுவந்து வைத்தபோது திரையில் ஒரு பெட்டி எழும்பியது: இந்த எல்லைக்கு வெளியே வைக்க முடியாது. மூடினான். பாகங்களை நெருக்கினான். பெட்டி எழும்பியது. ரிலே என்ற பாகத்தைத் திருப்பிப் போட்டான். பெட்டி எழும்பியது. பகல் பன்னிரண்டு மணிவரை அவனும் அந்தப் பெட்டியும் இப்படியே மல்லுக்கட்டினார்கள். முத்தலிப்புக்குப் போன் எடுத்தான்.

"நானா, அடக்குற பகுதி வெளியால நிக்கிது. ரெண்டு விரற்கடை."

"சுருக்கிப் பாருங்க தம்பி."

"சுருக்கிட்டன். இனிச் சுருக்கினா கோட்டோட கோடு முட்டும். கல்முனையில மத்த சீடி கிடைக்குமாம் நானா. கள்ளன். அதுல அளவில்லையாமே."

"அது களவெடுத்த சாமான் தம்பி. நீங்க செய்யிறது உயிர் காக்கிற வேலை. அதக் களவில செஞ்சா பறக்கத் இரிக்குமா, அல்லாஹ் அருள் செய்வானா?"

"அப்ப என்ன செய்யிற?"

"அந்தப் பகுதிய உடுங்க. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சுவிச் இரிக்கிதானே. ஆத்துவாய் வெட்டுற அண்டு ஆறு வீட்டுக்கும் போய் நிப்பாட்டச் சொல்லிட்டு வாங்க. ஆறு வீடுதானே."

உதயரூபன் அடக்கும் பகுதியை அழித்தான். பெட்டி பிறகு எழும்பவில்லை.

(இந்தத் தொழில் தெரிந்தவர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: அதை மட்டும் இன்னொரு சின்னப் போர்டில் செய்திருக்கலாமே? செய்திருக்கலாம். மருந்து காற்போத்தல்தான் மிஞ்சியிருந்தது. ஆறு போர்டுக்கு மட்டுமட்டு. இன்னொரு போத்தலோடு அந்தச் சாவடியைத் தாண்ட அவனுக்குத் தைரியம் வரவில்லை. மாரியும் தொடங்கப் போகிறது. நியாயங்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.)

கோணாமலையிடம் அவன் இதைச் சொல்லவில்லை. செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னதைச் செய்ய முடியாமல் போனது கூச்சமாக இருந்தது. நேரம் வரும்போது சொல்லலாம் என்று விட்டான்.

வரைந்ததைப் பளபளப்புத் தாளில் இடவலம் மாற்றி அச்சடித்து, செம்புப் பலகையில் கவிழ்த்து, தனுஷாவின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தான். அவள் பிள்ளையோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்த வருடத்தில் அவள் தண்ணீர் அல்லாத ஒன்றை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இது அடிச்சா நான் ஓடணுமா?"

"ஓம்."

"புள்ளயத் தூக்கிக்கொண்டு?"

"ஓம். பெரிய தெருவால பள்ளிக்கூட மாடிக்கு."

"சரி," என்றாள்.

ஐப்பசியில் ஆறு மணியும் பூட்டியாயிற்று. முதல் நாள் பின்னேரம் தனுஷா பின்கதவைச் சாத்திவிட்டு வந்து பாயில் படுத்தாள். கண்ணை மூடினாள். உதயரூபன் சுவரோடு சாய்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று வருடத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் அறிந்ததில்லை. அப்படியே அவனும் தூங்கிப்போனான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள்.

6

இந்த இடத்தில் முத்தலிப் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

எவ்வளவு வசதியான பாத்திரம் பாருங்கள். தூரத்தில் இருக்கிறான். போனில் மட்டும் பேசுகிறான். மார்க்கம் சொல்கிறான். அவன் சொன்னது தவறாகப் போனாலும் களவுக்கு உடன்படாதவன் என்று நல்ல பெயரோடு கதையை விட்டு வெளியேறிவிடுவான். இப்படி ஒருவனை எந்த எழுத்தாளனும் சும்மா படைப்பதில்லை.

முத்தலிப் என்று ஒருவன் இல்லை. ஓட்டமாவடியில் கடை வைத்திருப்பது நான். சீடி கொடுத்தது நான். 'ஆறு வீடுதானே' என்றதும் நான்தான். மூன்றாம் பகுதியிலும் ஐந்தாம் பகுதியிலும் அந்தப் பெயர் வரும் இடத்திலெல்லாம் என்னைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள். திருத்தி எழுத எனக்குக் களைப்பாக இருக்கிறது.

இன்னும் சொல்ல வேண்டும். களவு கூடாது என்று நான் சொன்னது மனதாரச் சொன்னதுதான். ஆனால் அந்த நேரம் மேசையில் ஒருவருடைய டீவி திறந்து கிடந்தது, அவர் எதிரே நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனை வைக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அதோடு, கடையில் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது களவாகப் பதிந்த சீடி. படத்துக்கு ஒரு நியாயம், போர்டுக்கு ஒரு நியாயம். இதை அன்று நான் யோசிக்கவே இல்லை. பிறகு யோசிக்காத நாளில்லை.

7

மார்கழியில் மழை விடாமல் பெய்தது. வியாழக்கிழமை ஆத்துவாய் வெட்டுவதென்று ஊரில் முடிவானது. உதயரூபன் வியாழனுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று காலையிலேயே ஆறு வீட்டுக்கும் போகலாம் என்று இருந்தான்.

புதன் விடிய வெள்ளாப்பிலேயே தண்ணீர் வளவுகளுக்குள் ஏறிவிட்டது. இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதென்று ஒன்பது மணிக்கு ஆண்கள் மண்வெட்டியோடு போனார்கள். முன்னுக்குப் போனவர் கோணாமலை. தன் வீட்டில் அடக்கும் சாவி ஒன்று வரும் என்று உதயரூபன் சொன்னதும், அது இன்னும் வராததும் அவருடைய நினைவில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டுகிறவருக்கு அதெல்லாம் எங்கே நினைவு வரும்.

பத்து மணி கழிந்து முதல் மணி அடித்தது. பிறகு அடுத்தடுத்து ஆறும்.

உதயரூபன் கந்தோரில் இருந்தான். பெரியகல்லாற்றில் கடல் வருகிறதாம் என்று ஒரு பஸ் நடத்துநர் கத்திக்கொண்டு போனார். அவன் சைக்கிளை எடுத்து ஓடினான். ஊரை நெருங்கும்போதே சனம் எதிரே வந்துகொண்டிருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு, சிலர் அழுதபடி. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தனுஷா அதற்குள் இல்லை. தன் ஒழுங்கைக்குத் திரும்பியபோது கோணாமலையின் மனைவி சீதேவிப்பிள்ளை சேற்றில் விழுந்து கிடந்தார். நாலு பேர் அவரைத் தூக்க முயன்றுகொண்டிருந்தார்கள். தொடும்போதெல்லாம் அவர் கத்தினார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டதென்று பிறகு ஆசுபத்திரியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை.

அவன் அங்கே நிற்கவில்லை. அந்த நேரம் தன் வீட்டைத் தவிர வேறொன்றும் அவன் கண்ணில் படவில்லை.

வீட்டுக்குள் மணி காது கிழிய அடித்துக்கொண்டிருந்தது. தனுஷா பின்கதவுப் பலகையில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வாவியைப் பார்த்தபடி இருந்தாள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, கரையில் சேறு தெரிந்தது. சுவிச் அவளுக்குப் பக்கத்துச் சுவரில், நாலு எட்டில் இருந்தது. அவன் பாய்ந்து போய் அதை நிறுத்தினான்.

"ஏன் ஓடல்ல நீ?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்துவாய் வெட்டுறாங்க," என்றாள்.

அன்று பின்னேரம் கோணாமலை, வாய்க்கால் வெட்டிய அதே மண்வெட்டியோடு வந்து, தன் வீட்டுக்குப் பின்னால் நின்ற குழாயை வெட்டிச் சாய்த்தார். உதயரூபன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான். கிழவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. மறுநாள் காலை அவன் கேற்றடியில் ஓர் உரப்பை இருந்தது. உள்ளே ஐந்து மணிகள்.

ஆறாவதை அவனே கழற்றினான்.

8

முதலாம் பகுதியில் நான் மறைத்தது ஒன்று இருக்கிறது. ஆசிரியர் என்னை அழைத்த அதே வாரத்தில் உதயரூபனின் கடிதமும் வந்தது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் கடிதம்.

"நானா, இப்ப பாதையெல்லாம் திறந்தாச்சு. மருந்துப் போத்தல் கொண்டுவாறதும் பயமில்லை. அந்தப் போர்டைத் திரும்பச் செய்வம் எண்டு இருக்கிறன், இந்தமுறை அடக்குற பகுதியோட முழுசா. அண்டைக்கு அது இருந்திருந்தா சீதேவியக்கா இண்டைக்கு நடந்து திரிவா. அந்த ரெண்டு விரற்கடைதான் நானா. தனுஷா திரும்பவும் பின்கதவுலதான் இருக்கிறா. அளவு எல்லை இல்லாத சொப்ட்வெயர் எது நல்லம் எண்டு பாத்து எழுதுங்க."

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு வேண்டும். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. ஆண்கள் மண்வெட்டியோடு வீட்டைத் தாண்டிப் போனதைத் தனுஷா காலையிலேயே கண்டிருந்தாள். மணி அடித்தபோது விடயம் அவளுக்குத் தெரியும், அதனால் ஓடவில்லை. ஊரிலேயே நிதானமாக இருந்தவள் அவள்தான். பிழை முழுவதும் இரண்டு விரற்கடையுடையது. நான் பொதுக்கிணற்றைப் பரிந்துரைக்கிறேன், உதயரூபன் பெரிய போர்டாகச் செய்கிறான், அடுத்த மாரியில் சாவியைத் திருப்பிவிட்டு ஆத்துவாய் வெட்டுகிறார்கள். எல்லாம் சுபம்.

எழுதி முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். பாதிக் கோப்பையில் நினைவு வந்தது. தெரிந்திருந்தால் சுவிச்சை ஏன் நிறுத்தவில்லை? நாலு எட்டு. உதயரூபன் வந்து சேரும்வரை, முக்கால் மணி நேரம், அந்தச் சத்தத்துக்குள் ஏன் இருந்தாள்?

முடிவு இரண்டு. தனுஷாவுக்கு எதுவும் தெரியாது. மணி அடித்தது. ஓட வேண்டும் என்று தெரியும், பள்ளிக்கூட மாடி தெரியும். அவள் எழும்பவில்லை, ஏனென்றால் அவள்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.

9

போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, அவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். உதயரூபன் கந்தோரில் இருப்பான் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

"அவர் வேலைக்குப் போயிட்டார் நானா. பின்னேரம்தான் வருவார்."

"ஒங்களோடதான் தங்கச்சி கதைக்கணும். ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டீங்களே?"

"கேளுங்க."

"அண்டைக்கு மணி அடிக்கக்குள்ள, ஆத்துவாய் வெட்டுறாங்க எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

பின்னால் பிள்ளை கோப்பையில் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். இப்போது இரண்டு வயது.

"அவன் விடியக் காலத்தால இருந்து ஒரே அழுகை நானா. அப்பதான் நித்திரையாப் போன. நான் ஒழும்பினா முழிச்சிருவான்."

"அந்தச் சத்தத்திலயா?"

"ஓம். நல்ல நித்திரை."

"தெரியுமா எண்டுதான் தங்கச்சி கேட்டன்."

நான் மூன்றாம் தடவை கேட்கவில்லை.

"அவர் திரும்பவும் செய்யப் போறாராமே," என்றாள்.

"ஓம். எந்த சொப்ட்வெயர் நல்லம் எண்டு எழுதிக் கேட்டிருக்கார். ஒங்களுக்கு விருப்பமில்லாட்டிச் சொல்லுங்க. சரிவராது எண்டு ஏதாவது எழுதிவிடுறன்."

"ஐயோ, அப்பிடி எழுதிராதீங்க." அவள் குரல் முதல் தடவையாக அவசரப்பட்டது. "அந்த மணி இருந்த ரெண்டு மாசமும்தான் அவர் படுத்த நானா. நான் கண்ண மூடினாத்தான் அவர் படுப்பார். அதால மூடிக்கொண்டு கிடந்த."

"அப்ப நீங்க நித்திரை கொள்ளல்லயா?"

"எனக்கு எங்க நித்திரை?" சிரித்தாள் என்று நினைக்கிறேன். "இப்ப அவரும் என்னோட வந்து பின்கதவுல இருக்கிறார். ரெண்டு பேரும் இருந்து என்னத்தப் பாக்கிற? அவர் அந்தக் கொம்பியூட்டரத் திறந்தா அதோட இருப்பார். சாப்பிடுவார். அடிச்சு அடிச்சு அழிப்பார்."

"விளங்குது தங்கச்சி."

"கெதியா முடியிறதச் சொல்லிராதீங்க நானா," என்றாள். "கனநாள் எடுக்கிற ஒண்டாப் பாத்துச் சொல்லுங்க."

10

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கும் தம்பி உதயரூபனுக்கும் எழுத வேண்டிய பதில் ஒன்றேதான். இரண்டு தாளும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

பொதுக்கிணறு என்று எழுதலாம். அதில் பொய் இல்லை. களவில்லை, காசில்லை, அளவில்லை. வீட்டிலிருந்து செய்கிறவனுக்கு அதுதான் நல்லது என்று இப்போது நானே நம்புகிறேன். படிக்கவும் கஷ்டம். பாகங்களை ஒவ்வொன்றாகத் தானே வரைய வேண்டும், வழிகாட்டி ஆங்கிலத்தில். உதயரூபன் கெட்டிக்காரன் என்றாலும் ஒரு மாரி தாண்டும்.

ஆனால் ஒரு நாள் அது முடியும். அடக்கும் பகுதி உள்ளே இருக்கும். பிழையில்லாத மணியைக் கொண்டுவந்து அதே சுவரில் பூட்டுவான். அன்று பின்னேரம் தனுஷா பாயில் படுத்துக் கண்ணை மூட வேண்டும், அவன் அவளுடைய மூச்சைக் கேட்டபடி நிம்மதியாகத் தூங்கிப்போவான். அதை நினைத்தால் எழுத வரவில்லை. அவள் சொன்னதை அவனிடம் சொல்லிவிடலாமா என்றால், அதற்கும் கை வரவில்லை. முன்பு ஒரு தடவை போனை வைக்கும் அவசரத்தில் பதில் சொன்னவன் நான். இந்தமுறை அவசரப்பட மாட்டேன்.

தம்பி உதயரூபனுக்கு, நீங்கள் கேட்டிருந்த சொப்ட்வெயர் விடயம். என் அபிப்பிராயம்

இதுவரை எழுதியிருக்கிறேன். மிச்ச இடம் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கத்துக்கு வந்ததே இப்படி ஒன்றைத் தேடித்தான். என்னைவிட அதிகம் பாவித்துப் பார்த்தவராகவும் இருக்கலாம். அதனால் பேனையை உங்களிடம் தருகிறேன். விலை வேண்டாம், அளவு வேண்டாம், நல்லதா கெட்டதா என்றுகூட வேண்டாம். நீங்கள் வீட்டில் போர்ட் வரைகிறீர்களே, அந்த மென்பொருளைப் பழகி முடிக்க உங்களுக்கு எத்தனை நாள் எடுத்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.